சாவுக்குக் கம்பு வேண்டாம்

சுபானு வருஷம், மாசி 3. என் குறிப்புப் புத்தகத்தில் அன்றைக்கு இருப்பது இவ்வளவுதான்: “கோவில்பதாகைக் களத்துமேட்டில் ஊர்க்கூட்டம். நாற்பது பேருக்கு மேல் வந்தார்கள். பாதை ஒரு பக்கம் அடைபடப் போவதைச் சொன்னேன். ஏழு முடிவுகள். எல்லாருக்கும் சம்மதம்.” அதன் கீழே ஏழு முடிவுகளும் எண்ணிட்டு எழுதியிருக்கிறேன். உண்மையில் அன்று எட்டு முடிவுகள் எடுத்தோம். எட்டாவதை நான் எழுதவில்லை.

பதினைந்து வயதிலிருந்து தேதி போட்டு எழுதி வருகிறவன் நான். எந்த நாள் முதல் மழை, எந்த நாள் ஏரி நிறைந்தது, ரயில் எத்தனை நிமிஷம் தாமதம், எல்லாம் இருக்கும். என்னிடம் உள்ள பழைய புத்தகங்களின் ஓரங்களில்கூட, படித்து முடித்த தேதி இருக்கும். அப்படிப்பட்டவன் தெரிந்தே எழுதாமல் விட்ட வரி எனக்கு நினைவு தெரிந்து அது ஒன்றுதான்.

அப்போது யுத்த காலம். ஆவடியைச் சுற்றி ராணுவ முகாம்கள் வந்துவிட்டன. மாட்டு வண்டிக்கும் நடைக்கும் போட்ட பாதைகளில் லாரிகள் ஓடத் தொடங்கி, ஒரே மழைக்காலத்தில் பாதை சேறாகிப் போயிற்று. ஆவடியிலிருந்து வடக்கே கோவில்பதாகை வழியாகப் போகும் பாதையில் ஏறக்குறைய அரை மைல் தூரத்தைத் தோண்டி, கல் பரப்பி, ஜல்லி போட்டு, ரோலர் ஓட்ட உத்தரவாயிற்று. நடுவில் வாய்க்காலைத் தாண்டும் சிறு பாலத்தையும் அகலப்படுத்த வேண்டும். நான் அந்த வேலைக்கு ரைட்டர். ஆள் வருகை குறிப்பது, ஜல்லிக் குவியல்களை அளப்பது, ஊராருக்கு விஷயம் சொல்வது, மூன்றும் என் பொறுப்பு.

பாதையை முழுக்க அடைக்க முடியாது. வேறு வழி கிடையாது. பாதி அகலத்தில் வேலை, மீதிப் பாதியில் போக்குவரத்து என்று ஏற்பாடு. அந்தப் பாதியில் ஒரு வண்டிதான் போகலாம். நடுவில் ஒரு வளைவு இருந்ததால் ஒரு முனையில் நிற்பவருக்கு மறுமுனை தெரியாது. இதற்கு ஒரு வழியை நான் ஒரு பழைய பொறியியல் புத்தகத்தில் படித்திருந்தேன். இரண்டு முனையிலும் கொடியுடன் ஒவ்வோர் ஆள். வடக்கிலிருந்து சில வண்டிகளை விடும்போது, கடைசியாகப் போகிறவர் கையில் சிவப்புத் துணி சுற்றிய ஒரு மூங்கில் கம்பைக் கொடுத்துவிடுவது. அந்தக் கம்பு தெற்கு முனை ஆள் கைக்கு வந்தால், எல்லாரும் வந்துவிட்டார்கள், பாதை காலி என்று பொருள். பிறகு அவர் தம் பக்கத்து வண்டிகளை விட்டு, கடைசி ஆளிடம் அதே கம்பைக் கொடுத்து அனுப்புவார். இருப்பது ஒரே கம்பு. கம்பு எந்த முனையில் இருக்கிறதோ அந்த முனைக்குத்தான் வழி.

இதைக் களத்துமேட்டில் விளக்கினேன். ஊரில் பாதிப் பேர் சிரித்தார்கள்.

“ரைட்டரே, லாரிக்காரன் மாட்டுக்கே நிக்க மாட்டான். கம்பப் பாத்து நின்னுடுவானா?” என்றார் ஒருவர்.

“நிக்காட்டி இன்னா? நம்ம மச்சான குறுக்க நிக்க வெச்சிடு. அவரு ஒடம்புக்கு ரயிலே நின்னுடும்” என்று ஒரு குரல் வந்தது.

சொன்னவர் ஒல்லியான, முப்பது வயதுக்கு உட்பட்ட விவசாயி. மச்சான் என்று அவர் காட்டியவர் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த பருத்த மனிதர். இருவருக்கும் ஒரே கிணறு. ஆளுக்கு ஒரு நாள் முறை வைத்து, மாடு பூட்டி நீர் இறைத்து இரண்டு துண்டு நிலத்துக்கும் பாய்ச்சுகிறவர்கள். பருத்தவர் அசையாமல், “நான் நின்னா ரோடே அடைஞ்சிடும். அப்பறம் ஜல்லி எதுக்கு, ரோலர் எதுக்கு? ரைட்டருக்கும் வேல போயிடும்” என்றார். கூட்டம் அடங்க நேரமாயிற்று. வடக்கு முனைக் கொடிக்கு ஊராரே அவரைத் தேர்ந்தெடுத்தார்கள். நவரைப் பருவ நெல்லுக்கு நீர் இறைக்காத நாளில் ஒரு வேலை ஆகட்டும் என்று அவரும் ஒப்புக்கொண்டார்.

ஏழு முடிவுகளும் ஆனபின், ஊர்ப் பெரியதனக்காரர் தொண்டையைச் செருமினார்.

“எல்லாம் சரி ரைட்டரே. ஊர்ல ஒரு சாவு வுழுந்தா? சுடுகாடு தெக்கால கீது. இந்த வழியாத்தான் போவணும்.”

“அவங்க கையிலயும் கம்பைக் கொடுத்து அனுப்பலாமே” என்றேன்.

பருத்தவர் எழுந்தே விட்டார். “நான் குடுக்க மாட்டேன். சாவு எடுத்துக்கினு போறவன் கையில ஒரு பொருளக் குடுத்து, அத்த அந்தாண்ட ஒருத்தன் கை நீட்டி வாங்கறதா?”

“வாங்கிக்கினு அதே கம்ப அடுத்தாப்ல பொண்ணு பாக்கப் போற வண்டிக்குக் குடுப்பான்” என்றார் ஒல்லியானவர். இந்த முறை யாரும் சிரிக்கவில்லை.

சாவுக்கென்று தனியாக இன்னொரு கம்பு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். பெரியதனக்காரர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். “சாவுக்குன்னு ஒண்ணு செஞ்சு வெச்சிக்கினு, அது எப்ப வரும்னு பாத்துக்கினு கீறதா நைனா?”

“ஒரு சாவை வழியில் நிறுத்திவைக்கலாமா?”

“நிறுத்தக் கூடாது.”

யோசித்துப் பார்த்தேன். சாவு என்றால் மேளம் உண்டு. அரை மைல் தாண்டிக் கேட்கும். “சரி, சாவுக்குக் கம்பு வேண்டாம். மேளம் கேட்டதும் இரண்டு முனையிலும் எல்லாவற்றையும் நிறுத்திவிடலாம். சாவு போன பிறகு மற்றது” என்று சொன்னேன். சொன்னது நான்தான். கூட்டத்தில் ஒரு பெருமூச்சு கேட்டது. ஊராரைக் கேட்காமல் சட்டம் போடுகிறவன் இல்லை என்று எனக்கே என்னைப் பற்றி ஒரு மகிழ்ச்சி. பேனாவைத் திறந்து எட்டு என்று எண் போட்டேன். பெரியதனக்காரர் தம் உள்ளங்கையை என் புத்தகத்தின்மேல் வைத்தார்.

“வேல ஆரம்பிக்கிற நாளு. அத்தப் போயி எழுதுவாங்களா?”

எண்ணை அடித்துவிட்டுப் பேனாவை மூடினேன். அந்த அடித்தல் இன்னும் அந்தப் பக்கத்தில் இருக்கிறது.

வேலை தொடங்கியது. தெற்கு முனைக்கு ஆவடியைச் சேர்ந்த ஒருவரை வைத்தோம். மேளம் கேட்டால் லாரியை விடக்கூடாது என்று அவரிடம் நானே சொன்னேன். ஒரு வாரத்துக்குள் கம்பு ஊரில் ஒருவகைப் பெருமையாகிவிட்டது. கீரைக்கட்டோடு போகும் பெண்கள் தாங்களே கடைசியாகப் போவோம் என்று பின்தங்குவார்கள். லாரி ஓட்டும் சிப்பாய்கள் தமிழ் தெரியாவிட்டாலும் கம்பைத் தெரிந்துகொண்டார்கள். மாசி 12 அன்று ஒரு முதியவரின் சாவு போயிற்று. மேளம் கேட்டது, இரு முனையும் நின்றது, லாரியிலிருந்த ஓர் அதிகாரி தொப்பியைக் கழற்றினார். அன்றைய குறிப்பில் “ஏற்பாடு நன்றாக நடக்கிறது” என்று எழுதியிருக்கிறேன்.

மாசி 19. காலை ஒன்பது மணி இருக்கும். நான் பாலத்துக்குத் தெற்கே ஜல்லிக் குவியல்களை அளந்துகொண்டிருந்தேன். முந்தின நாள் பாலத்தின் மேற்குக் கைப்பிடிச் சுவரை இடித்திருந்தார்கள். கீழே வாய்க்காலில் புது அஸ்திவாரத்துக்கான கருங்கற்கள் கிடந்தன.

அன்று விடியற்காலையில், கிணற்றுக்காரர்களில் ஒல்லியானவரின் பெண் குழந்தை காய்ச்சலில் இறந்துபோயிருந்தது. இரண்டு வயது. அந்த ஊரில் அவ்வளவு சின்னக் குழந்தைக்குப் பாடை கட்டுவதில்லை. மேளம் வைப்பதில்லை. மஞ்சளில் நனைத்த துணியில் சுற்றி, தகப்பன் கையிலேயே ஏந்திக்கொண்டு போவார்; மண்வெட்டியோடு இரண்டு மூன்று பேர் கூடப் போவார்கள். வழியில் எங்கும் கீழே வைப்பதில்லை. இது அந்தக் களத்துமேட்டில் உட்கார்ந்திருந்த நாற்பது பேருக்கும் தெரியும். எனக்கும் தெரியும், என் தம்பி ஒருவனை அப்படித்தான் கொண்டுபோனார்கள். அன்று எங்களில் ஒருவருக்கும் அது ஞாபகம் வரவில்லை. சாவு என்றதும் எல்லார் காதிலும் மேளம்தான் கேட்டது.

வடக்கு முனையில் நடந்ததைப் பருத்தவர் பிறகு எனக்குச் சொன்னார். ஒரு வைக்கோல் வண்டிக்காரர் கையில் அப்போதுதான் கம்பைக் கொடுத்து அனுப்பியிருந்தார். வண்டி கொஞ்ச தூரம் போனபின் தகப்பனும் கூட மூவருமாக நால்வர் வந்தார்கள்.

“எதுர்ல வந்து நின்னான் ரைட்டரே. துணியப் பாத்தேன். ‘வுடு மச்சான்’னான். அவ்ளோதான் சொன்னான். கம்பு திரும்பி வர்ற வரைக்கும் அத்தக் கையில வெச்சிக்கினு நில்லுடான்னு எப்டிச் சொல்றது? நேத்திக்கு முந்தா நாளு என் தோள்ல குந்திக்கினு இருந்த புள்ள.”

அவர் வழியை விட்டார். சாவுக்குக் கம்பு வேண்டாம் என்பது ஊர் முடிவு. சாவை நிறுத்தக் கூடாது என்பதும் ஊர் முடிவு.

வைக்கோல் வண்டி தெற்கு முனைக்குப் போய்ச் சேர்ந்தது. அங்கிருந்தவர் கம்பை வாங்கிக்கொண்டு, வளைவு வரை பாதை காலியாக இருப்பதைப் பார்த்து, காதையும் தீட்டிக்கொண்டு கேட்டிருக்கிறார். மேளம் இல்லை. இரண்டு லாரிகளை விட்டார்.

நான் முதலில் கேட்டது லாரியின் ஹாரன். நிமிர்ந்து பார்த்தபோது நால்வரும் பாலத்தின்மேல் இருந்தார்கள். லாரிக்காரர் உடனே பிரேக் போட்டார். இதை எங்கே கேட்டாலும் சொல்வேன். சக்கரத் தடம் நின்ற இடத்துக்கும் அவர்கள் நின்ற இடத்துக்கும் நடுவே இரண்டு பாகம், அதாவது பன்னிரண்டடி தூரம் இருந்தது. லாரி யாரையும் தொடவில்லை. கூட வந்த மூவரும் முன்னால் ஓடிக் கிழக்குப் பக்கம் வயலில் குதித்துவிட்டார்கள். தகப்பன் பின்வாங்கினார். பின்னால் கைப்பிடிச் சுவர் இல்லை.

அவர் தோள் உயரத்தில், சாரத்துக்காக நட்ட ஒரு மரம் நின்றிருந்தது. ஒரு கையை விடுவித்திருந்தால் அதைப் பிடித்திருக்கலாம். அடுத்த நாள் போய் நானே அந்த இடத்தில் நின்று கையை நீட்டிப் பார்த்தேன், எட்டுகிறது. அவருடைய இரண்டு கையும் குழந்தைக்கு அடியில் இருந்தன.

நாங்கள் இறங்கிப் போனபோது கற்களின்மேல் மல்லாந்து கிடந்தார். கண் திறந்திருந்தது. துணிப் பொட்டலம் நெஞ்சின்மேல் இருந்தது, முடிச்சுகூட அவிழவில்லை. கையை எடுக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது. அந்த மூவரும் குழந்தையை எடுத்துக்கொண்டு தெற்கே நடந்தார்கள். அப்போது யாரும் யாரிடமும் கம்பு கேட்கவில்லை. லாரியிலேயே ஏற்றி அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். மாசி 21 அன்று இறந்துபோனார்.

விசாரணை மாசி 23. மேலதிகாரி ஒருவர் வந்து ஆவடியில் ஒரு பங்களா அறையில் உட்கார்ந்தார். ஊராரைக் கூப்பிடவில்லை. வேலை தொடங்குமுன் அவர்களைக் கேட்டுக் கேட்டுச் செய்த நாங்கள், இரண்டு சாவுக்குப் பிறகு ஒருவரையும் கேட்கவில்லை. என் குறிப்புப் புத்தகத்தைக் கேட்டார். ஏழு முடிவுகளையும் படித்தார்.

“கம்பு தம் முனையில் இல்லாதபோது யாரையும் உள்ளே விடக்கூடாது என்று இரண்டாவது இருக்கிறதே. சவ ஊர்வலத்துக்கு விலக்கு உண்டா?”

“எழுத்தில் இல்லை” என்றேன்.

அவர் “இல்லை” என்று எழுதிக்கொண்டார். நான் சொன்னது பொய்யல்ல. எழுத்தில் இல்லைதான். அதற்குப் பிறகு அவர் பேனாவை மையில் தோய்க்கும் நேரம் இருந்தது. ஒரு வாக்கியம் சொல்லப் போதுமான நேரம். வீட்டில் நான் ஒருவன் சம்பாதிப்பவன் என்பது ஞாபகம் வந்தது. அடித்துவிட்ட எட்டைப் பார்த்து, இது என்ன என்று அவர் கேட்டால் சொல்லிவிடுவோம் என்றும் நினைத்தேன். அவர் கேட்கவில்லை. புத்தகத்தை மூடித் தந்துவிட்டு, என்னை வெளியே போகச் சொல்லி, வடக்கு முனைக்காரரைக் கூப்பிட்டார்.

கதவு சாத்தப்பட்டது. நான் வராந்தாவில் நின்றேன். உள்ளே கால் மணி நேரம் ஆயிற்று. பருத்தவர் வெளியே வந்து, துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு என்னைப் பார்த்தார்.

“வர்றேன் ரைட்டரே. மாட்டுக்குத் தண்ணி காட்டணும்.”

கம்பு இல்லாமல் ஆள் விட்டது அவர் குற்றம் என்று முடிவாயிற்று. வேலை போயிற்று. அது பெரிதில்லை, கொடி பிடிக்காவிட்டால் அவர் பட்டினி கிடக்கப் போவதில்லை. ஆனால் அவர் போக வேண்டிய கிணறு இறந்தவருடைய கிணறும்கூட. செத்தவருடைய வீட்டார், “ரோட்டுக்காரங்களே எழுதிட்டாங்க, இவன் வுட்டதாலதான் போச்சுன்னு” என்று பேசத் தொடங்கினார்கள். களத்துமேட்டில் இருந்த அதே ஆட்கள்தான். நான் சொன்னதைக் கேட்டவர்கள்தான். ஆனால் அரசாங்கத் தாளில் வேறு மாதிரி எழுதியிருக்கிறது என்றால், தாங்கள் கேட்டது தவறோ என்று அவர்களுக்கே ஐயம் வந்துவிட்டது. பருத்தவர் தம் முறை நாளிலும் கிணற்றடிக்குப் போவதை நிறுத்தினார். பங்குனி தொடங்கும்போது அவருடைய நவரைப் பயிர் மட்டும் பழுத்த நிறத்தில் நின்றது. அது விளைச்சலின் நிறம் இல்லை. தண்ணீர் இல்லாமல் காய்ந்த நிறம். பாதையில் நின்றாலே தெரியும். நான் தினமும் அந்தப் பாதையில் நின்றேன்.

பெரியதனக்காரர் என்னைத் தேடி ஜல்லிக் குவியல் அருகே வந்தார்.

“சொன்னது நீ. எழுதாதன்னது நானு. ரெண்டு பேரும் குத்துக்கல்லாட்டம் கீறோம். அவன் ஊட்ட வுட்டு வெளிய வர்றதில்ல. நான் போயி சொன்னா எவன் கேப்பான்? நீ எழுதுனாதான் எழுத்து. எழுது நைனா.”

எழுதுகிறேன் என்றேன். பங்குனி 2 அன்று மேலதிகாரிக்குக் கடிதமாக எழுதினேன். அனுப்பியது பங்குனி 20. நடுவில் இருந்த நாட்களில் ஒவ்வொரு நாளும் அதைத் திருத்திக்கொண்டிருந்தேன். ஒரு சொல்லைப் பணிவாக்குவேன். மறுநாள் வேறு சொல்லைத் தெளிவாக்குவேன். அதற்குப் பெயர் பயம் என்று அப்போது நான் ஒப்புக்கொள்ளவில்லை.

அந்த நாட்களில் ஒருமுறை இறந்தவரின் மனைவி பாதையில் எதிரே வந்தார். நான் ஒதுங்கி நின்றேன். அவர் நின்றார்.

“நீங்கதான மொதல்ல எறங்குனீங்க? என் புள்ளைய அவரு கீழ வுட்டாரா?”

“இல்லம்மா. விடல.”

அவர் தலையை அசைத்துவிட்டுப் போனார். அந்தச் சாவில் நான் தாமதமில்லாமல் சொன்ன சாட்சியம் அது ஒன்றுதான்.

கடிதம் போன மறுநாள், பங்குனி 21, பருத்தவர் வீட்டுக்குப் போனேன். வீடு பூட்டியிருந்தது. மாடுகளை விற்றுவிட்டு, பெண்டு பிள்ளைகளோடு நான்கு நாள் முன்பே போய்விட்டதாக அடுத்த வீட்டார் சொன்னார்கள். துறைமுகத்தில் மூட்டை தூக்கப் போனதாக ஒருவர், பூந்தமல்லிப் பக்கம் செங்கல் சூளைக்கு என்று இன்னொருவர். இரண்டு இடத்திலும் தேடினேன். தேடிய தேதிகள் என்னிடம் இருக்கின்றன. என் கடிதத்துக்குப் பதில் தாரண வருஷம் சித்திரையில் வந்தது. விஷயம் முடிந்துவிட்டது, இனிமேல் எழுத வேண்டாம் என்று இரண்டு வரி. அந்தப் பதிலை எடுத்துக்கொண்டுபோய்க் களத்துமேட்டில் பெரியதனக்காரரிடமும் மற்றவர்களிடமும் படித்துக் காட்டினேன். சாவுக்குக் கம்பு வேண்டாம் என்று சொன்னவன் நானே என்றும் உரக்கச் சொன்னேன். யாரும் மறுக்கவில்லை, திட்டவும் இல்லை. செத்தவரின் தமையன் மட்டும், “இத்த அவன் ஊர்ல கீறப்பவே சொல்லியிருக்கணும் ரைட்டரே” என்றார்.

யுத்தம் முடிந்துவிட்டது. நான் இப்போது அம்பத்தூரில் வேறு வேலையில் இருக்கிறேன். பாதி அடைத்த பாதை எதைக் கண்டாலும், பாடியில் ஆகட்டும், வேலப்பன்சாவடியில் ஆகட்டும், என் கால் தானாக நின்றுவிடுகிறது. போகிறவர்களை எண்ணுகிறேன். கடைசி ஆளுக்குப் பின்னால் பாதை காலி என்று என் கண் சொன்னாலும், அந்தக் காலியான இடத்தில் சத்தமில்லாமல் யாரோ நடந்து வருகிறார்கள் என்று தோன்றிக்கொண்டே இருக்கிறது. வண்டிக்காரர்கள் பின்னாலிருந்து கத்துவார்கள். மேளம் கேட்டால் எனக்குப் பயமில்லை. கேட்காத நேரத்தில்தான்.

ஒரு விஷயம் மிச்சமிருக்கிறது. வராந்தாவில் நான் நின்ற அந்தக் கால் மணி நேரத்தில், யார் சொல்லிக் கம்பில்லாமல் விட்டாய் என்று அவரைக் கேட்டிருப்பார்கள். கேட்காமல் இருந்திருக்க முடியாது. அவர் ரைட்டர் சொன்னார் என்று சொல்லி அதை அவர்கள் எழுதாமல் விட்டார்களா, அல்லது அவர் சொல்லவே இல்லையா? அவருக்கு அடுத்து உள்ளே போகக் கதவோரம் காத்திருந்த தெற்கு முனைக்காரரை இரண்டு முறை கேட்டேன். “சொன்னாங்க” என்று ஒரு சொல் கதவு வழியே கேட்டதாக ஒருமுறை சொன்னார். இன்னொருமுறை ஒன்றும் கேட்கவில்லை என்றார். விசாரணைத் தாளைப் பார்க்க அனுமதி கேட்டு விய வருஷம் ஆடியிலும் ஐப்பசியிலும் எழுதினேன்; பதில் இல்லை. அந்தத் தாளைப் படித்த எவரையும் இதுவரை நான் சந்திக்கவில்லை. ஆகவே அவர் என்னைக் காட்டிக்கொடுத்தாரா, காத்தாரா என்பது சரிபார்க்கப்படவில்லை.